மகாவலிக்கு மேலே ஒரு கயிற்றுப் பாலம்

"உங்க ஊர்ல இதெல்லாம் சாப்பிடுவீங்களா?"

ரொறன்ரோவில் என் முதல் குளிர்காலம். கூட வேலை செய்தவர் வீட்டு டீவியில் 'இந்தியானா ஜோன்ஸ்' வரிசையில் 1984இல் வந்த 'டெம்பிள் ஆஃப் டூம்' ஓடிக்கொண்டிருந்தது. இந்திய அரண்மனையில் விருந்து நடக்கிறது: கிழித்த பாம்பின் வயிற்றிலிருந்து நெளிந்து வரும் விலாங்குகள், வண்டுகள், கண்கள் மிதக்கும் சூப், குளிரவைத்த குரங்கு மூளை. அறையிலிருந்த எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். கேட்டவர் நல்ல மனுஷன், அறிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனால்தான் கூட வலித்தது. "இல்லை" என்பதற்கு மேல் அன்று என் இங்கிலிஷ் நகரவில்லை.

சற்று முன்புதான் துள்ளிக் குதித்திருந்தேன். வட இந்தியக் கிராமம் என்று காட்டுகிறார்கள், சனங்கள் சிங்களம் கதைக்கிறார்கள்! அந்த அறையில் எனக்கு மட்டும்தான் விளங்கியது. பூசாரியாக வரும் கிழவர் டி. ஆர். நாணயக்கார, இலங்கையில் எங்கள் கண்டித் தியேட்டர்களில் பார்த்துச் சிரித்த முகம். சொந்த மாமாவைக் கண்டதுபோல, "இவரை எனக்குத் தெரியும்!" என்று கத்திவிட்டேன்.

1939இல் வந்த ஹாலிவுட் படமான 'கங்கா தின்'னில் தண்ணீர் சுமக்கும் இந்தியனாக நடித்தவர் நியூயோர்க்கில் பிறந்த சாம் ஜாஃபி. கலிஃபோர்னியாவின் லோன் பைன் மலைகள்தான் அதில் இந்தியா. நாற்பத்தைந்து வருஷத்தில் முகமாவது எங்களுடையதாகிவிட்டது, மலையும் எங்களுடையது. இந்திய அரசு கதையில் மாற்றம் கேட்டதால் கண்டிக்கு வந்தவர்கள், அங்கே பேசுவது யாருடைய பாஷை என்று பார்க்கவில்லை. அந்த விருந்தை எடுத்ததோ இங்கிலாந்து ஸ்டூடியோவில். எங்கள் அடுப்படி ஒன்றையாவது எட்டிப் பார்த்திருக்கலாம். இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

மற்றபடி இந்த நாடு பழகிவிட்டது. வீடு வாங்கினோம், ஸ்னோ அள்ளுவது பெரிய வேலையாகத் தெரிவதில்லை. ஆனால் அந்தப் படம் டீவியில் வந்தால், விருந்தைத் தாண்டி, கடைசியில் வரும் கயிற்றுப் பாலத்துக்காகக் காத்திருப்பேன்.

அந்தப் பாலத்தை நான் பார்த்திருக்கிறேன். 1983, சித்திரை வருஷம் பிறந்து இரண்டொரு வாரம். மகாவலி ஆற்றுக்குக் குறுக்கே விக்டோரியா அணை கட்டிக்கொண்டிருந்த பக்கம் ஷூட்டிங் என்று கேள்விப்பட்டு அப்பா எங்களைக் கூட்டிப்போனார். கிட்டப் போக விடவில்லை. தூரத்தில் நூல் மாதிரித் தெரிந்தது. ஒரு பாறையில் உட்கார்ந்து அம்மா கட்டித்தந்த வாழையிலைப் பார்சலைப் பிரித்தோம்: சோறு, பருப்பு, கத்தரிக்காய், தேங்காய்ச் சம்பல். அந்த ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு நாங்கள் குடும்பமாக எங்கேயும் சோறு கட்டிக்கொண்டு போனதில்லை.

"அந்த வெள்ளைக்காரங்க என்னப்பா சாப்பிடுவாங்க?" என்று தம்பி கேட்டான்.

"பாணாத்தான் இருக்கும், பாவம்" என்றபடி அப்பா அவனுக்கு அடுத்த பிடியை உருட்டினார்.