இரண்டு முனை, ஒரு வயர்

2016இல் சென்னை அசோக் நகரில் ஒரு சின்ன அலுவலகத்தில் சிஸ்டம் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சிஸ்டம் வேலை என்றால் கம்ப்யூட்டரோடு முடியாது. யுபிஎஸ் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது, பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை உருவுவது எல்லாம் அதில் சேர்த்தி. ஒரு வீட்டின் முதல் மாடியை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மொத்தம் பன்னிரண்டு பேர். பழைய படுக்கையறையில் அக்கவுண்ட்ஸ், பின்பக்க அறையில் டிசைன், ஹாலில் மற்றவர்கள்.

ஓனர் ஒருநாள் ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து எட்டு லேப்டாப் வாங்கி வந்து இறக்கினார். எல்லாம் டாஸ் லேப்டாப். விண்டோஸ் இல்லாமல், பேருக்கு ஃப்ரீடாஸ் போட்டு விற்பார்கள். ஒன்றுக்குச் சில ஆயிரம் ரூபாய் குறையும். "நீதான எப்பப் பாத்தாலும் லினக்ஸ் லினக்ஸ்னு சொல்லுவ, போட்டுக் குடு" என்றார். சொன்னது உண்மைதான். வாய் திறக்க வழியில்லை.

லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம். அதில் ஒரு வகையான உபுண்டுவின் 16.04 பதிப்பு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஒரே மதியத்தில் எட்டிலும் ஏற்றிவிட்டேன். ஹாலில், ரவுட்டருக்குக் கீழேயே உட்கார்ந்து ஏற்றினேன். அங்கே எல்லாம் ஒழுங்காக இருந்தது. வைஃபை பெயர் தெரிந்தது, கடவுச்சொல் அடித்ததும் சேர்ந்துகொண்டது. அதற்குச் சில வருடங்கள் முன்புவரை லினக்ஸில் வைஃபை வரவைப்பது தனி வேலை. வைஃபை கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு அந்த டிரைவர் வேண்டும். இந்தத் தடவை தொல்லை இல்லாமல் முடிந்ததே என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் பதினோரு மணிக்குள் மூன்று பேர் வந்துவிட்டார்கள். டிசைன் பையன் சொன்னதுதான் இன்னும் காதில் இருக்கிறது: "அண்ணா, கதவு சாத்துனா நெட் போயிடுதுண்ணா." அக்கவுண்ட்ஸ் மேடம் எதுவும் சொல்லவில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து ரவுட்டருக்குக் கீழே இருந்த செருப்பு ஸ்டாண்டில் உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தார். அது புகாரைவிட மோசம்.

முதலில் ரவுட்டரைத் திட்டினேன். சேனலை மாற்றினேன், இடத்தை மாற்றினேன், கடைசியில் புதிது ஒன்று வாங்கியும் மாட்டினேன். பிறகு சுவரைத் திட்டினேன். பழைய வீடு, தடித்த சுவர் என்று ஒரு காரணம் கையில் இருந்தது. அதே அறையில் என் கைபேசியில் சிக்னல் முழுசாக நிற்பதை நான் கவனிக்காமல் இல்லை. ஆனால் அது எனக்கு உறைக்க நான்கு நாள் ஆயிற்று.

லினக்ஸில் வைஃபை படுத்தால் பார்ப்பதற்கு ஒரு வரிசை உண்டு. கார்டு லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குத் தெரிகிறதா, எந்த டிரைவர் அதைப் பிடித்திருக்கிறது என்று எல்எஸ்பிசிஐ என்ற கட்டளை சொல்லும். ரேடியோ அணைந்து கிடக்கிறதா என்று ஆர்எஃப்கில் என்ற கட்டளை சொல்லும். கார்டுக்குள் இருக்கும் குட்டிச் செயலிக்கு அதை ஓட்டும் நிரலான ஃபர்ம்வேர் போய்ச் சேர்ந்ததா என்பது கெர்னல் பதிவில் இருக்கும். பெரும்பாலும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றில் சிக்கல் அகப்பட்டுவிடும். எனக்கு மூன்றும் சுத்தம். கார்டு ரியல்டெக் 8723பிஇ, டிரைவர் கெர்னலோடு வந்தது, ஃபர்ம்வேர் ஏறியிருந்தது. ரிப்போர்ட் எல்லாம் நார்மல், நோயாளி மட்டும் எழுந்திருக்கவில்லை. மின்சேமிப்பை நிறுத்திப் பார்த்தேன். இணைப்பு அறுபடுவது கொஞ்சம் குறைந்தது, தூரம் கூடவில்லை. அக்கவுண்ட்ஸ் அறையில் சிக்னல் மைனஸ் 85 டிபிஎம். இந்த அளவு பூஜ்யத்தை நெருங்க நெருங்கத்தான் சிக்னல் பலம். ஆளுக்கொரு வெளியே செருகும் யுஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்கிக் கொடுத்துவிடலாமா என்று ஓனரிடம் கேட்டேன். "அதுக்கு விண்டோஸே வாங்கியிருக்கலாமேப்பா" என்றார்.

அன்று சாயங்காலம் எல்லாரும் போன பிறகு ஒரு லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றினேன். வைஃபை கார்டு கட்டைவிரல் அகலம்தான். அதன் ஓரத்தில் ஆன்டெனா மாட்டுவதற்குப் பொன்னிறத்தில் இரண்டு குட்டி முனைகள். வயர் வந்ததோ ஒன்றே ஒன்று. இன்னொரு முனை வெறுமையாக இருந்தது. வயர் அறுந்து போகவில்லை. உள்ளே எங்கு தேடியும் இரண்டாவது ஆன்டெனாவே கிடையாது. லேப்டாப் செய்தவர்கள் ஒன்று போதும் என்று விட்டிருக்கிறார்கள். எந்த முனையில் வயர் இருக்கிறது என்று கார்டுக்குள் ஒரு குறிப்பு பதிந்திருக்கும், டிரைவர் அதைப் படித்துத்தான் முனையைத் தேர்ந்தெடுக்கும். அந்தக் குறிப்பு தப்பு. ஆக, எட்டு லேப்டாப்பும் வயரே இல்லாத முனையில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தன. ஆன்டெனா இல்லாவிட்டாலும் பக்கத்தில் கத்தினால் கேட்கும். அதனால்தான் செருப்பு ஸ்டாண்டில் மட்டும் நெட் வந்தது.

இதே கார்டோடு இதே பாடுபட்டவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். எல்லாருக்கும் பதில் ஒரே ஆளிடமிருந்து வந்திருந்தது. லாரி ஃபிங்கர். ரியல்டெக் டிரைவர்களின் புதிய பிரதியை, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் வைத்திருந்தார். ஆன்டெனாவை நாமே சொல்லித் தேர்ந்தெடுக்கும் வசதி அதில் இருந்தது. எங்கள் கெர்னலில் இருந்த பிரதிக்கு அது தெரியாது. லேன் கேபிள் போட்டு இறக்கி, எங்கள் கெர்னலில் ஓடும்படி கம்பைல் செய்து, டிரைவருக்கான அமைப்புகளை எழுதிவைக்கும் மாட்ப்ரோப் கோப்பில் ஒரு வரி எழுதினேன்: ‘ஆன்ட்செல்’, ஒரு சமக்குறி, 2. அவ்வளவுதான். அக்கவுண்ட்ஸ் அறையில் மைனஸ் 50. பத்து டெசிபல் ஏறினால் பத்து மடங்கு என்று கணக்கு. 35 டெசிபல் என்றால் மூவாயிரம் மடங்குக்கு மேல். ஓனரிடம் இதைச் சொன்னபோது தலையை ஆட்டிவிட்டு, புது ரவுட்டரைக் கடையில் திருப்பி எடுப்பார்களா என்று கேட்டார்.

ஃபிங்கர் ரியல்டெக்கில் வேலை பார்க்கும் ஆள் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்படியில்லை. 2024 ஜூனில் அவர் இறந்த செய்தி வந்தபோதுதான் தேடிப் படித்தேன். கார்னெகி நிறுவனத்தின் புவி இயற்பியல் ஆய்வகத்தில் படிகங்களின் அமைப்பை ஆராய்ந்த விஞ்ஞானி அவர். எல் சல்வடோரின் இசால்கோ எரிமலையில் கிடைத்த ஒரு கனிமத்துக்கு ஃபிங்கரைட் என்று அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். வைஃபை டிரைவர் வேலையெல்லாம் தன்னார்வமாகச் செய்தது. அதற்கு முன்னால் பிராட்காம் சிப்புகளுக்கான டிரைவரிலும் உழைத்திருக்கிறார். அந்த நிறுவனம் சிப்பின் விவரத்தைத் தராத காலம் அது. ஒரு குழு மூடிய டிரைவரைப் பிரித்துப் படித்து அது என்ன செய்கிறது என்று எழுதி வைக்கும். மூலத்தைப் பார்க்காத இன்னொரு குழு அந்தக் குறிப்பை மட்டும் வைத்துப் புதிதாக எழுதும். அப்படி உருவான டிரைவர் 2006இல் 2.6.17 கெர்னலில் சேர்ந்தது. பிராட்காமே திறந்த டிரைவர் ஒன்றை வெளியிட்டது 2010 செப்டம்பரில். படிகத்துக்குள் அணுக்கள் எங்கே இருக்கின்றன என்று எக்ஸ்-கதிர் சிதறலை வைத்து ஊகித்த மனிதருக்கு, மூடிய சிப்பைப் படிப்பது பழகிய வேலையாக இருந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது.

எங்கள் கதை அந்த ஒரு வரியோடு முடியவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, எட்டு பேரும் ரவுட்டருக்குக் கீழே நின்றார்கள். தானாக அப்டேட் வந்து கெர்னல் மாறியிருந்தது. நான் கம்பைல் செய்த டிரைவர் பழைய கெர்னலோடு போய்விட்டது, பழையபடி காலி முனை. டிகேஎம்எஸ் என்ற கருவியில் பதிந்து வைத்தால் கெர்னல் மாறும்போதெல்லாம் டிரைவர் தானாகக் கம்பைல் ஆகும் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. சோம்பல். அன்று எட்டிலும் பதிந்தேன். சில காலத்தில் அந்த வசதி கெர்னலின் சொந்த டிரைவருக்கே வந்துவிட, தனிப் பிரதி தேவைப்படவில்லை. வரி மட்டும் எல்லாவற்றிலும் இருந்தது.

2018 வாக்கில் டிசைன் பையனின் லேப்டாப் கீல் உடைந்து ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் வந்தது. வந்த அன்றே, "அண்ணா, மறுபடியும் கதவுண்ணா." கெர்னல் பார்த்தேன், டிரைவர் பார்த்தேன், ஃபர்ம்வேர் பார்த்தேன், மற்ற ஏழோடும் ஒப்பிட்டேன். எல்லாம் ஒன்றுதான். மதியச் சாப்பாடு ஆறிப்போனது. மூன்று மணிக்குத்தான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். கீல் மாற்றியவர் ஆன்டெனா வயரைக் கழற்றியிருக்கிறார். திரும்ப மாட்டும்போது அடுத்த முனையில் மாட்டிவிட்டார்.

வயரில் கை வைக்கவில்லை. மூடியைப் போட்டுவிட்டு, அந்த வரியில் 2ஐ அழித்து 1 என்று அடித்தேன்.