குமுளியில் ஸ்கேன் நின்றுபோன நாலு நாள்

குமுளி செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். விடிந்ததும் கம்பம், கூடலூர்ப் பக்கமிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் வருகிறவர்கள் ஆதார், பாஸ்புக், ரேஷன் கார்டு என்று நீட்டுவார்கள். ஜெராக்ஸ் மிஷினில் வைத்து ஸ்கேனை அழுத்தினால், படம் கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபோல்டருக்கு வந்துவிடும். போன மாதம் கம்ப்யூட்டர் ஹார்டு டிஸ்க் போய், விண்டோஸ் 11 போட்ட புதுசு வாங்கினேன். அன்றைக்கே ஸ்கேன் நின்றது. மிஷின் திரையில் 'இணைக்க முடியவில்லை' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

பாஸ்வேர்டை மாற்றினேன், ஃபயர்வாலை அணைத்துப் பார்த்தேன், ஃபோல்டருக்கு எல்லா அனுமதியும் கொடுத்தேன். இரண்டு நாள் பென்டிரைவில்தான் ஓட்டினேன்.

கம்பத்தில் சர்வீஸ் வேலை பார்க்கும் சித்தி மகன் வந்து பார்த்துவிட்டு, "அக்கா, ரெண்டும் பேசுற பாஷை வேற" என்றான். கம்ப்யூட்டர்கள் ஃபோல்டரையும் பிரிண்டரையும் பகிர்ந்துகொள்ளும் நெறிமுறைக்கு எஸ்எம்பி என்று பேர். 1983-ல் ஐபிஎம்மில் பேரி ஃபைகன்பாம் உருவாக்கியது. மூன்று தலைமுறை வந்துவிட்டது. என் மிஷினுக்கு முதல் தலைமுறை மட்டும்தான் தெரியும். 2017 மே மாதம் வானாக்ரை வைரஸ் அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான் உலகம் முழுக்கப் பரவியது. அதனால் விண்டோஸ் 11 அந்த முதல் தலைமுறையைத் தானாக நிறுவுவதில்லை.

விண்டோஸ் அமைப்பில் ஒரு டிக் போட்டால் முதல் தலைமுறை திரும்ப வந்துவிடும் என்று பலரும் சொன்னார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்தக் கம்ப்யூட்டரில்தான் ஊர்க்காரர்கள் நம்பிக் கொடுத்த ஆதார் நகல்கள் இருக்கின்றன. கடை வைஃபையை வேறு வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அதனால் வீட்டில் கிடந்த பழைய லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸும், அதை எஸ்எம்பி பேச வைக்கும் சாம்பா என்ற மென்பொருளும் போட்டோம். சாம்பா எனக்குப் பிடித்துப்போனது. ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் என்பவர், கம்ப்யூட்டர்களுக்கு நடுவே கம்பியில் போகும் தகவலைக் கவனித்துக் கவனித்தே 1991 கடைசியில் அதைத் தொடங்கியிருக்கிறார். எஸ், எம், பி மூன்றும் வரிசையாக வரும் சொல்லை அகராதியில் தேடித்தான் அந்தப் பேரையும் வைத்தாராம்.

2019-ல் வந்த 4.11 முதல் சாம்பாவும் பழைய பேச்சைக் கேட்பதில்லை. அமைப்புக் கோப்பில் குறைந்தபட்ச நெறிமுறையை என்டி1, அதாவது முதல் தலைமுறை என்று இறக்கினோம். இப்போது மிஷின் லேப்டாப்பைத் தொட்டது. ஆனால் பாஸ்வேர்டு தப்பு என்றது. பாஸ்வேர்டு சரிதான். சாம்பா எழுதிவைக்கும் லாக் பதிவைப் படித்த பிறகுதான் புரிந்தது, பாஸ்வேர்டைச் சொல்லும் முறையும் பழசு, என்டிஎல்எம் முதல் பதிப்பு. அதற்கும் ஒரு வரி சேர்த்தோம். நாலாம் நாள் ராத்திரி எட்டு மணிக்கு ஸ்கேன் விழுந்தது.

லேப்டாப்பில் ஸ்கேன் ஃபோல்டர் தவிர வேறெதுவும் கிடையாது. புதுக் கம்ப்யூட்டர் மூன்றாம் தலைமுறையில் பேசி அதிலிருந்து படத்தை எடுத்துக்கொள்கிறது. வாடிக்கையாளர் வைஃபையைத் தனியாகப் பிரித்துவிட்டோம். பிரிண்டருக்கு இவ்வளவு பாடில்லை. யுஎஸ்பி கம்பியைக் கழற்றிவிட்டு நெட்வொர்க் கம்பியால் ரூட்டரில் இணைத்து, மாறாத ஐபி முகவரி கொடுத்ததும் சரியாகிவிட்டது.

கடை சாத்தும் நேரத்தில் அந்த ஃபோல்டர் தானாகக் காலியாகும்படி வைத்திருக்கிறேன். தினமும் ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டுத்தான் ஷட்டரை இறக்குகிறேன்.