மணிலா சான் அகுஸ்தின் தேவாலயத்தின் அட்டை மாதிரி: உட்கூரை அமர்ந்தது

மணிலாவின் சான் அகுஸ்தின் தேவாலயத்தை 1:150 அளவில் அட்டையில் செய்து வருகிறேன். நெடுநாளாகக் கைக்கு அடங்காமல் இருந்த அதன் உட்கூரை வளைவு, சுருக்கமோ விரிசலோ இன்றி இரு சுவர்களின் மேல் கச்சிதமாக அமர்ந்துவிட்டது. சுவர் வெட்டுவதையும் சன்னல் துளைப்பதையும் பற்றி அட்டைவேலை பழகியவர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்பதால், நேராகக் கூரைக்கே வருகிறேன்.

அந்தக் கூரை ஒரு கண்கட்டு வித்தை. கீழிருந்து பார்ப்பவருக்கு, செதுக்கிய கட்டங்களும் பூவேலைகளும் புடைத்து நிற்பதாகத் தோன்றும். உண்மையில் அவை அனைத்தும் தீட்டப்பட்டவை. ஆல்பரோனி, டிபெல்லா என்ற இரு இத்தாலிய ஓவியர்கள் 1875இல் ஒளியையும் நிழலையும் மட்டும் கொண்டு அந்தப் புடைப்பை உண்டாக்கினார்கள். ஆகவே கட்டங்களை ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டுவதைவிட, ஓவியத்தை ஒரே தாளில் அச்சிட்டு வளைப்பதே மூலத்துக்கு நேர்மையான வழி என்று முடிவுசெய்தேன். அந்த முடிவில் எனக்கு இன்றும் மாற்றமில்லை.

வளைப்பதில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது. லேசர் அச்சில் மை தாளின் மேல் ஒரு படலமாகப் படிவதால், வளைத்தவுடன் மயிரிழை போன்ற வெள்ளைக் கோடுகள் விழுகின்றன. இங்க்ஜெட் மை தாளுக்குள் ஊறுவதால் அந்தத் தொல்லை இல்லை. அடுத்தது தாளின் இழையோட்டம். அது வளைவின் நீளவாக்கில் ஓடினால் தாள் தானாகவே பணிந்து வளையும். குறுக்கே ஓடினால் எவ்வளவு பதமாக உருட்டினாலும் விலா எலும்புகள் போல மடிப்புகள் எழும். இதை எழுதிக் கொடுத்த பிறகும் ஓர் அச்சுக்கடை குறுக்கிழைத் தாளிலேயே முழுவதையும் அடித்துக் கொடுத்தது. ஆர்டர் தாளைப் படிக்காமல் வேலை செய்வது வாடிக்கையாளரின் காசையும் பொழுதையும் மதிக்காத செயல். பின்னர் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் நெடுக்கிழைத் தாளை நானே கிழித்துப் பார்த்து வாங்கினேன். நெடுக்கிழைவாக்கில் தாள் நேராகக் கிழியும். குறுக்கே கோணலாகப் போகும்.

வளைவுக்கு அச்சாக 75 மி.மீ. பி.வி.சி. குழாயை வைத்துக்கொண்டேன். அதன் அரைவட்டம் 117.8 மி.மீ. வரும். ஓவியத்தாளின் தடிமன் 0.2 மி.மீ., அதற்கு மேல் வரும் தாங்கு அட்டையின் தடிமன் 0.4 மி.மீ. என்பதால், வெளி அட்டை உள்தாளைவிட ஏறத்தாழ 0.9 மி.மீ. நீளமாக இருக்க வேண்டும். இரண்டையும் சம நீளத்தில் வெட்டித் தட்டையாக ஒட்டியபின் வளைத்தால், இடமின்றி நெருக்குண்ட உள்தாள் நடு உச்சியில் கொப்புளமாக எழும்பும். எனவே ஓவியப்பக்கம் குழாயைத் தொடும்படி தாளை முதலில் சுற்றிக் கட்டி, அந்த நிலையிலேயே அட்டையை அதன் மேல் ஒட்ட வேண்டும். தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை இந்த இடத்துக்கு உதவாது, தாளை உப்ப வைத்துவிடும்; ரப்பர் பசையை இரு பக்கமும் மெல்லத் தடவி, ஒட்டாத பதத்துக்கு உலர்ந்தபின் நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி அழுத்தினால் சீராகப் பிடிக்கிறது. தேவாலயத்தின் 67.15 மீட்டர் நீளம் மாதிரியில் 44.8 செ.மீ. ஆவதால் ஒரு ஏ3 தாளில் கூரை அடங்கவில்லை. இணைப்பை இரு கட்டங்களுக்கு இடையிலான பட்டையின் விளிம்பில் வைத்தேன். விளக்கை உள்ளே விட்டுப் பார்த்தாலும் அந்தக் கோடு தெரியவில்லை என்பதில் எனக்குப் பெருமைதான்.

கூரை முடிந்ததால் காலக்கணக்கும் தீர்ந்தது. இன்று இத்தேவாலயத்தில் ஒரே மணிக்கோபுரம்தான் உண்டு. 1880ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் இடக்கோபுரம் பிளந்துபோய், பிறகு அகற்றப்பட்டது. ஓவியமோ 1875இல் வந்தது. இரட்டைக் கோபுரமும் இந்த ஓவியக் கூரையும் பழுதின்றிச் சேர்ந்திருந்தது அந்த இடைப்பட்ட ஐந்தாண்டு காலம் மட்டுமே. என் மாதிரி அந்த ஐந்தாண்டுக்குரியது.

கல்லில் கட்டும் எண்ணம் தீயிலிருந்தே பிறந்தது. 1571இல் மூங்கிலும் நிப்பா என்னும் பனைவகை ஓலையும் கொண்டு எழுந்த முதல் தேவாலயம், 1574இல் லிமாகோங் என்ற சீனக் கடற்கொள்ளையனின் தாக்குதலில் எரிந்தது. மரத்தால் ஆன இரண்டாவது, 1583இல் ஆளுநர் ரொன்கில்யோவின் இறுதிச் சடங்கில் ஒரு மெழுகுவத்தியிலிருந்து பரவிய நெருப்புக்கு இரையானது. அதன் பின்னரே அகுஸ்தினியத் துறவியர், அங்கே அடோபே என வழங்கும் எரிமலைச் சாம்பற்கல்லைக் கொண்டு இன்றைய கட்டடத்தைத் தொடங்கி 1607இல் முடித்தனர். 1863 நிலநடுக்கத்தையும் தாங்கிய அது, 1945 போரில், மணிலாவின் பழைய நகரான இந்த்ராமுரோஸின் மதிலுக்குள் இருந்த ஏழு தேவாலயங்களில் தப்பி நின்ற ஒன்றே ஒன்றாயிற்று. 1993இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது.

அடிப்பலகையை அவுரிச் சாயத்தில் தோய்த்த பருத்தித் துணியால் மூடப்போகிறேன். காரணம் ஊரின் பெயரிலேயே இருக்கிறது. ஸ்பானியத் தளபதி லெகாஸ்பி 1571இல் கைப்பற்றுமுன்பே அது மைநிலா. 'மை' என்றால் அப்பகுதி மக்களின் தகாலோக் மொழியில் 'இருக்கிறது', 'நிலா' என்பது அவுரி. சமஸ்கிருத 'நீல'த்தின் வழி வந்த அச்சொல் நம் 'நீல'த்துக்கும் உறவு. நிலாத் என்னும் சதுப்புநிலச் செடியால் பெயர் வந்தது என்ற விளக்கமே பரவலாகச் சொல்லப்பட்டாலும், என்னால் அதை ஏற்க முடியவில்லை: பழைய ஸ்பானியப் பதிவுகளில் பெயர் ஈற்றில் மெய்யின்றியே காணப்படுகிறது, தகாலோக் சொற்கள் இறுதி மெய்யை அவ்வளவு எளிதில் உதிர்ப்பதுமில்லை. திண்டிவனம் பக்கம் அவுரி இன்றும் பயிராவதால், பொடியாகவன்றிக் கட்டியாகவே வாங்கித் தொட்டியில் புளிக்கவைத்துத் தோய்க்கலாம் என்றிருக்கிறேன். செயற்கை நீலத்தில் அந்த ஆழம் வருவதில்லை.

துணி வருமுன் இடக்கோபுரத்தைத் தொடங்க வேண்டும். நிற்கும் வலக்கோபுரத்தின் அளவுகளையே இடவலம் மாற்றிப் பயன்படுத்தலாம். ஆனால் கல் அடுக்குகளை அச்சிடாமல் ஊசிமுனையால் கீறப் போவதால், அதற்கு 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) அட்டை போதாது. 1 மி.மீ. சாம்பல் அட்டையில் ஒரு மூலையை மட்டும் கீறிப் பார்த்தேன்; ஓரம் பிசிறுகிறது. கீறுமுன் நீர்த்த வார்னிஷைப் பூசி இறுக வைத்தால் பிசிறு நிற்குமா என்பதை அடுத்துப் பார்க்கிறேன்.