மொனெம்வாசியா பாறை, 1:5000 அட்டை மாதிரி: இதுவரை முடிந்த வேலை

மொனெம்வாசியா இருப்பது கிரேக்கத்தின் பெலொபொனீஸ் தென்கிழக்குக் கரையில், லகோனியா பகுதியில். கடலுக்குள் தனித்து நிற்கும் பெரிய பாறை. கி.பி. 375ல் வந்த நிலநடுக்கம் அதைக் கரையிலிருந்து பிரித்தது என்று சொல்வது வழக்கம். கரைக்கும் பாறைக்கும் இடையே சுமார் 200 மீட்டர் பாதை. மேலே ஏறத்தாழ 1 கி.மீ. நீளமும் அதிகபட்சம் 300 மீட்டர் அகலமும் கொண்ட மேட்டுநிலம், அதில் மேல் நகரம். செங்குத்துப் பாறையின் அடியில் தெற்குச் சரிவில் கீழ் நகரம். பிராங்கு (பிரெஞ்சு) வம்சத்து இளவரசர் வில்லியம் வில்லார்டுவாவின் படை மூன்றாண்டு சுற்றி வளைத்தும் சண்டையில் இதைப் பிடிக்கவில்லை. 1248 வாக்கில் பட்டினிதான் பணியவைத்தது. மாதிரியைப் பார்த்ததும் அதற்குக் காரணம் புரிய வேண்டும். அதனால் மற்ற எதையும்விடச் செங்குத்து முகப்புகள் சரியாக வருவதுதான் இங்கே முக்கியம்.

அளவு 1:5000. மேட்டுநிலம் 20 செ.மீ., இணைப்புப் பாதை 4 செ.மீ. வருகிறது. அடிப்பலகை 50 × 30 செ.மீ. உயரக்கோடு (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) 10 மீட்டருக்கு ஒன்று, அதாவது ஒரு படிக்கு 2 மி.மீ. அட்டை. உயரத்தை இரட்டிப்பாக்கிக் காட்டும் பழக்கம் தட்டையான ஊர்களுக்குச் சரி. இங்கே அப்படிச் செய்தால் பாறை தூண் மாதிரி ஆகிவிடும்.

உயரத் தரவு ஐரோப்பிய செயற்கைக்கோள் திட்டமான கோப்பர்நிக்கஸின் 30 மீட்டர் தொகுப்பிலிருந்து, வேலை க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில். இந்தத் தரவின் புள்ளிகள் பாகை அளவில் அடுக்கப்பட்டவை. 36.7 பாகை வடக்கில் ஒரு புள்ளி வடக்கு தெற்காக 31 மீட்டர், கிழக்கு மேற்காக 25 மீட்டர்தான். அப்படியே சதுரமாக அச்செடுத்தால், கிழக்கு மேற்காகப் படுத்திருக்கும் இந்தப் பாறை கிட்டத்தட்ட கால் பங்கு நீண்டுபோகும். முதலில் மீட்டரில் அளக்கும் யூடிஎம் வரைபட முறையின் 34 வடக்கு மண்டலத்துக்கு மாற்றிவிட்டு, பிறகு உயரக்கோடு எடுக்க வேண்டும்.

அடுத்தது பெரிய சிக்கல். 300 மீட்டர் அகலத்துக்குப் பத்துப் புள்ளிதான் விழுகிறது. செங்குத்தாக நிற்க வேண்டிய முகப்பு இரண்டு மூன்று புள்ளிகளில் கரைந்து சாய்வாக மாறிவிடும். அட்டையில் வெட்டினால் ஆடு மேய்க்கும் குன்று கிடைக்கும், கோட்டை கிடைக்காது. இதற்குத் தானியங்கி வழி எதுவும் சரிப்படவில்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்திலிருந்து பாறை விளிம்பையும் கடற்கரைக் கோட்டையும் எடுத்து, மேலிருந்து எடுத்த படத்தோடு ஒப்பிட்டு, விளிம்பில் விழும் உயரக்கோடுகளையெல்லாம் கையால் ஒரே கோட்டுக்கு நகர்த்த வேண்டும். கீழ் நகரச் சரிவை மட்டும் தொடக்கூடாது. அது உண்மையாகவே சாய்வுதான்.

பைண்டிங் அட்டையை ஒரே அழுத்தில் வெட்டினால் ஓரம் கிழியும்; கத்தியை லேசாக நாலைந்து முறை ஓட்டுங்கள். நெருங்கிய வளைவுகளுக்கு 1 மி.மீ. அட்டை இரண்டு. வெள்ளைப் பசையை நிறையத் தடவினால் அட்டை ஈரம் குடித்து வளையும். மெல்லிசாகத் தடவி, இரண்டு படிக்கு ஒருமுறை எடை வைத்து இரவு முழுக்கக் காயவிடுவது நல்லது. மேலிருந்து வராத உட்பகுதியை வெட்டி எடுத்துவிடலாம், ஒட்ட 15 மி.மீ. விளிம்பு இருந்தால் போதும்.

பூச்சுக்கு முன் பசை ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்து அட்டை முழுக்க அடித்துக் காயவிட வேண்டும். விட்டுவிட்டால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸின் தண்ணீரை அட்டை உறிஞ்ச, பூச்சு பொடியாக உதிரும். கலவை, தண்ணீர் ஒரு பங்குக்குத் தூள் இரண்டு பங்கு. தூளைத்தான் தண்ணீரில் தூவ வேண்டும். இறுகத் தொடங்கும்போது கசக்கிய அலுமினியத் தாளை முகப்பில் அழுத்தி எடுத்தால் பாறை வெடிப்புகள் பதியும். சாம்பல் நிறத்தின் மேல் துருச் சிவப்பை நீர்க்கக் கரைத்து வடியவிட்டது நன்றாகவே வந்திருக்கிறது.

வீடுகளில் நுணுக்கம் தேட வேண்டாம். 8 மீட்டர் வீடு 1.6 மி.மீ.தான், தீக்குச்சியைச் சீவி நறுக்கினால் சரியாக இருக்கும். கீழ் நகரத்துக்கு மேற்கு, கிழக்கு, கடல் பக்கம் என மூன்று மதில், நாலாவது மதில் பாறையே. வாசல் மேற்கு மதிலில். இணைப்புப் பாதை முனையில் கண்ணை வைத்துப் பார்த்தால் கீழ் நகரம் தெரியக்கூடாது. தெரிந்தால் பாறையின் மேற்குத் தோளை எங்கோ அதிகமாகச் சீவியிருக்கிறோம் என்று அர்த்தம்.

மேல் நகரத்துக்கு 1 மி.மீ. அட்டையில் கழற்றி மாட்டும் தட்டுகள் இரண்டு, அடியில் சிறு காந்தங்கள். ஒன்றில் வீடுகள் நிறைந்த பழைய ஊர். மற்றதில் இடிபாடுகளும், வடக்கு விளிம்பில் நிற்கும் 12ஆம் நூற்றாண்டு அகியா சோஃபியா தேவாலயமும். அதன் குவிமாடத்துக்குப் பாதிக் கடுகு பொருந்துகிறது.

பலகையின் முன் ஓரத்தில் ஆட்சிக்கால நாடா, 2 ஆண்டுக்கு 1 மி.மீ.: பிராங்குகள் 1248–1262, 7 மி.மீ.; பைசாந்தியம் 1460 வரை, 99; போப்பாண்டவர் 1464 வரை, வெறும் 2; வெனிஸ் 1540 வரை, 38; உதுமானியர் 1690 வரை, 75; மறுபடி வெனிஸ் 1715 வரை, 12.5, மறுபடி உதுமானியர், கிரேக்கர் கைக்கு வந்த 1821 வரை, 53. சின்னத் துண்டுகளில் எழுத்து அடங்காது, கீழே கோடு இழுத்து எழுத வேண்டும்.

கடலும் இணைப்புப் பாதையும் மிச்சம். கடலுக்கு முதலில் வண்ணமும் வார்னிஷும் அடித்துக் காயவைத்த பிறகே பாதையை ஒட்டப்போகிறோம், முன்பே ஒட்டினால் 4 செ.மீ. துண்டின் இருபுறமும் தூரிகை நுழையாது.