டைலனோலும் பனடோலும்

அம்மா கனடாவுக்கு வந்து மூன்றாவது கிழமை. ஸ்காபரோவில் ஜனவரிக் குளிர். தடிமனும் காய்ச்சலும் ஒன்றாய்ப் பிடித்துக்கொண்டன. கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் குடித்தா, வேது பிடித்தா. காய்ச்சல் விடவில்லை.

எனக்கு இரவு வேலை. காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்ததும் 500 மில்லிகிராம் டைலனோல் காய்ச்சல் குளிசை இரண்டு கொடுத்தேன். இரவு வேலைக்கு வெளிக்கிடும்போது இன்னும் இரண்டு. நான் போன பிறகு, அம்மா இருமிக்கொண்டே கிடக்கிறா என்று மனைவி இரவில் குடிக்கிற தடிமன் பாணியை ஒரு மூடி அளந்து கொடுத்திருக்கிறா.

அடுத்த நாள் காலை படுக்கை விரிப்பை மாற்றும்போது தலையணைக்குக் கீழே வெறும் பனடோல் அட்டை ஒன்று. ஆறு குளிசைகள் போயிருந்தன. ஊரிலிருந்து சூட்கேசில் வந்தவை.

"டைலனோல் தந்தனான்தானே அம்மா, பிறகு ஏன் இது?"

"அது இந்த நாட்டுக் காய்ச்சல் குளிசை. பனடோல் உடம்பு உளைவுக்குத் தம்பி. நேற்று மூண்டு தரம் ரெண்டு ரெண்டாப் போட்டனான்."

அம்மாவில் பிழையில்லை. எனக்கே அன்றுதான் விளங்கியது. டைலனோல் பெட்டியில் அசெற்றமினோபென் என்று இருக்கிறது, பனடோல் அட்டையில் பரசிற்றமோல் என்று இருக்கிறது. இரண்டும் ஒரே மருந்து. இலங்கையிலும் இந்தியாவிலும் பிரிட்டனிலும் ஒரு பெயர், கனடாவிலும் அமெரிக்காவிலும் இன்னொரு பெயர். பாணிப் போத்தலைத் திருப்பிப் பார்த்தேன். அதற்குள்ளும் அசெற்றமினோபென், ஒரு வேளைக்கு 650 மில்லிகிராம்.

மேசையில் மூன்றையும் வைத்துக் கூட்டினேன். டைலனோல் 2000, பனடோலும் ஒன்று 500, ஆறுக்கு 3000, பாணி 650. ஒரு நாளைக்குள் 5650. வளர்ந்த ஒருவருக்கு 24 மணித்தியாலத்துக்கு 4000 மில்லிகிராம்தான் உச்சம். ஈரல் வருத்தம் உள்ளவர்களுக்கும் நிறைய மது குடிக்கிறவர்களுக்கும் அதுவே அதிகம். எனக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டது.

நஞ்சு பற்றி ஆலோசனை சொல்லும் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். 1-844-764-7669, கியூபெக் தவிர்ந்த கனடா முழுவதற்கும் ஒரே இலக்கம், காசில்லை. அம்மாவின் வயது, நிறை, எத்தனை மணிக்கு எது, எல்லாம் ஆறுதலாகக் கேட்டார்கள். "இப்ப அவவுக்கு ஒண்டுமில்லை, எழும்பித் தேத்தண்ணி குடிக்கிறா" என்றேன். அப்படியிருந்தாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்கள். இந்த மருந்து கூடினால் ஈரல் பழுதாகும், ஆனால் ஒரு நாள் இரண்டு நாளுக்கு வெளியே ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். மாற்று மருந்து இருக்கிறது, அசிற்றைல்சிஸ்ரீன் என்று பெயர். அதை எவ்வளவு முந்திக் கொடுக்கிறார்களோ அவ்வளவு நல்லது. வருத்தம் தெரியட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஈரலுக்கு ஒன்றும் இல்லை. பின்னேரம் வீட்டுக்கு வந்தோம். ஆஸ்பத்திரி நாற்காலியில் காத்துக்கொண்டிருந்த நேரத்தை நான் மறக்கமாட்டேன்.

திரும்பி வரும் வழியில் பார்மசியில் நிறுத்தி, மருந்தாளரிடம் எல்லாப் பெட்டியையும் காட்டினேன். இங்கே அவர்களிடம் போய்க் கேட்க நேரம் குறிக்கத் தேவையில்லை, காசும் கேட்கமாட்டார்கள். அம்மாவுக்குப் பிரஷர் இருக்கிறது என்றதும் மூக்கடைப்புக் குளிசைப் பெட்டியைத் தனியாக எடுத்து ஒதுக்கி வைத்தா. அதில் உள்ள சூடோஎபெட்ரின் பிரஷரை ஏற்றிவிடும். இரவுப் பாணி நித்திரை மயக்கம் தரும், வயதானவர்கள் இரவில் எழும்பிப் போகும்போது விழுந்துவிடுவார்கள் என்று அதையும் வேண்டாம் என்றா. தம்பியின் மகளுக்கு நாலு வயது என்று சொல்ல, ஆறு வயதுக்குக் கீழே இருமல் தடிமன் மருந்தே கொடுக்க வேண்டாம் என்பதுதான் கனடா அரசின் சுகாதாரத் திணைக்களமான ஹெல்த் கனடாவின் அறிவுரை என்றா.

இப்போது எந்தப் பெட்டி வாங்கினாலும் பெரிய எழுத்தைப் பார்ப்பதில்லை. பின்பக்கத்தில் மருந்துச் சேர்மானம் என்று சின்ன எழுத்தில் இருக்கிற வரியைத்தான் முதலில் வாசிக்கிறேன். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. யார் எதைக் கொடுத்தாலும் நேரத்தோடு எழுத வேண்டும். டைலனோல் போத்தலில் அம்மாவே கறுப்பு மையால், தன்னுடைய வட்டமான எழுத்தில் எழுதி வைத்திருக்கிறா: "இதுவும் பனடோல்தான்."