கலைப் பள்ளியில் கோடிங் படிக்கிறது

நான் படிக்கிற டிசைன் அண்ட் டெக்னாலஜி என்றால் கம்ப்யூட்டரா, டிராயிங்கா என்று சொந்தக்காரர்கள் இன்னமும் கேட்கிறார்கள். ரெண்டும்தான். ஆனால் இன்ஜினியரிங் முடித்துவிட்டு நியூயார்க்கில் ஒரு கலைப் பள்ளியில் சேர்ந்த எனக்கு, அங்கே கோடிங் சொல்லித்தருகிற விதம்தான் பெரிய ஆச்சரியம்.

நம்ம ஊர் காலேஜில் டர்போ சி-யின் நீலத் திரையில் பகா எண் கண்டுபிடித்து ஆரம்பிப்போம். இங்கே பிராசஸிங் என்கிற, படம் வரைவதற்கான புரோகிராமிங் கருவி. எம்ஐடி மீடியா லேபில் 2001-ல் கேஸி ரியாஸும் பென் ஃப்ரையும் தொடங்கியது, வரைகிறவர்களும் புரோகிராம் எழுதட்டும் என்று. எலிப்ஸ் என்று ஒரு வரி அடித்தால் திரையில் வட்டம் வந்துவிடும், அதை மவுஸ் பின்னாலேயே ஓடவும் விடலாம். டிரா என்கிற பகுதி திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு தடவையும் பேக்ரவுண்டு என்கிற வரி பழைய படத்தை அழித்துவிடும். அந்த வரியைத் தூக்கிவிட்டால் வட்டம் போன தடமெல்லாம் அப்படியே தங்கிவிடும். பழைய காலேஜாக இருந்தால் திருத்திக்கொண்டு வா என்று அனுப்பியிருப்பார்கள். இங்கே பக்கத்தில் இருந்த, துணி டிசைன் படித்துவிட்டு வந்த பெண், அதையே பிரஷ் மாதிரி வைத்துக்கொண்டு அன்று மாலைக்குள் ஒரு புடவை பார்டரே போட்டுவிட்டாள்.

சென்சார், விளக்கு, மோட்டாரெல்லாம் இணைத்து புரோகிராம் செய்கிற சின்ன சர்க்யூட் போர்டான ஆர்டுயினோவின் கதையும் இப்படித்தான். நம்மூரில் ஃபைனல் இயர் புராஜெக்ட் என்றாலே அதுதான், ஆனால் அது 2005 வாக்கில் பிறந்தது இத்தாலியில் இவ்ரியா என்ற ஊரின் டிசைன் பள்ளியில். எலக்ட்ரானிக்ஸ் தெரியாத மாணவர்களுக்காகச் செய்தது.

அப்புறம் கிரிட், அதாவது கிரிட்டிக், விமர்சன வகுப்பு. செய்ததை எல்லார் முன்னாலும் வைத்துவிட்டு நிற்க வேண்டும். அவுட்புட் வந்தால் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து என்று பழகியவனுக்கு இது வேறு உலகம். ஓடுகிறதா என்று யாருமே கேட்பதில்லை, இதற்கு எதற்கு சென்சார், காகிதத்தில் செய்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்றுதான் கேட்பார்கள். பதில் இல்லாவிட்டால் சென்சாரைக் கழற்ற வேண்டியதுதான்.

ஒரு குறை உண்டு. வெளிச்சத்தை உணர்கிற எல்டிஆர் சென்சாரோடு 10 கிலோ-ஓம் ரெசிஸ்டரை ஏன் போடுகிறோம் என்று பாதிப் பேருக்குத் தெரியாது, படத்தைப் பார்த்துச் செருகுவார்கள், அவ்வளவுதான். அந்த விஷயத்தில் நம்ம லேப் எவ்வளவோ மேல்.

சேரலாமா என்று கேட்கிறவர்கள் முதலில் பி5 ஜேஎஸ் போட்டுப் பாருங்கள். பிராசஸிங்கின் வழியில் வந்த ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிதான். இலவசம், பிரவுசரிலேயே ஓடும்.