ஒரு பழுப்புச் சீட்டைக் கருப்பாக்கினேன்

போன வாரம் செய்த வேலை ஒன்று இன்னும் மனசை அறுக்கிறது. வந்தது ஃபெராரி 488. வெளியே அடர்நீலம், உள்ளே முழுக்க குவோயோ என்ற பழுப்பு நிறத் தோல். வண்டியை விற்கப் போகிறாராம் ஓனர். "கருப்புன்னா சீக்கிரம் போகும், மாத்திக் குடுத்துடு" என்றார்.

துபாய் அல் கூஸில் கார் சீட், ஸ்டீயரிங் தோல் வேலைக்கு வந்து 11 வருஷம் ஆகிறது. சொந்த ஊர் வாணியம்பாடி. அப்பா டேனரியில் வேலை பார்த்தவர். ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட தோல் காய்ந்து வரும்போது கருப்பட்டிப் பாகை விளக்கு வெளிச்சத்தில் பார்த்த மாதிரி ஒரு நிறம் இருக்கும். குவோயோ கிட்டத்தட்ட அதேதான். இத்தாலிய மொழியில் குவோயோ என்றாலே தோல் என்றுதான் பொருளாம். இதைத் தெரிந்துகொண்ட அன்றைக்கு அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

என்கூட வேலை பார்க்கும் பட்டுக்கோட்டை அண்ணனுக்குச் சிவப்புதான் பிடிக்கும். "ஸ்போர்ட்ஸ் கார்ல ஏறி உக்காந்தா ரத்தம் சூடாகணும்டா தம்பி" என்பார். சிவப்புச் சீட்டு எனக்கும் பிடிக்கும்தான். டாஷ்போர்டின் மேல்பக்கத்தையும் சிவப்பாக்கும்போதுதான் சண்டை வருகிறது. உச்சிவெயிலில் அது அப்படியே முன்கண்ணாடியில் ஏறி நிற்கும். ரோட்டைச் சிவப்பு மூட்டத்துக்குள்தான் பார்க்க வேண்டும். கிரீம் நிறம் இன்னும் மோசம். டாஷ்போர்டு மேல்பக்கம் மட்டும் பளபளப்பில்லாத கருப்பாக இருக்கட்டும், சீட்டும் கதவும் உங்கள் இஷ்டம். இந்த ஒன்றில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

கிரீம் சீட்டுக்கு வேறொரு எதிரி, புது ஜீன்ஸ். இந்தக் கார்களில் சீட்டு தரையோடு தரையாக இருக்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் டிரைவர் பக்கத்துப் போல்ஸ்டரில், அதாவது சீட்டின் ஓரத்து மேட்டில், தொடை உரசித்தான் ஆகணும். மாசக்கணக்கில் உரசினால் அந்த இடம் மட்டும் வண்ணான் தொட்டித் தண்ணீர் மாதிரி நீலம் பூத்துவிடும். கார்த் தோலில் நாம் பார்க்கும் நிறம் பெரும்பாலும் மேலே அடித்த பூச்சு. அழுத்தித் தேய்த்தால் கறையோடு நிறமும் வந்துவிடும். மெல்லிய பிரஷ், நுரை, பொறுமை, இவ்வளவுதான் வழி.

அல்கன்டாராவைப் பலர் தோல் என்றே நினைத்துக் காசு கொடுக்கிறார்கள். 1970-ல் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் கண்டுபிடித்த செயற்கை இழைத் துணி அது. ஸ்டீயரிங்கில் போட்டால் பிடிமானம் அருமை. கைவியர்வை ஏறி ஏறி துணியின் மெல்லிய மயிர் படிந்து வழவழப்பாகிவிட்டால் மட்டும் பார்க்கச் சகிக்காது.

கருப்பில் எனக்கு வெறுப்பு கிடையாது. ஆனால் இங்கே கதவைத் திறந்தாலே உள்ளே வருவது மணல்தூசி. கருப்புத் தோலில் அது விபூதி கொட்டின மாதிரி தெரியும். வெயிலில் நின்ற வண்டியில் அரைக்கால் டவுசரோடு உட்கார்ந்து பாருங்கள். இவ்வளவையும் தாங்கிக்கொண்டு, நாளைக்கு வாங்கப்போகும் யாரோ ஒருவருக்காகக் கருப்பு எடுக்கிறார்கள். அதுதான் எனக்கு ஆற்றாமை.

அந்தக் காலத்தில் எவ்வளவு துணிச்சல் இருந்தது! 1987-ல் வந்த ஃபெராரி எஃப்40-ல் தரைவிரிப்பே கிடையாது. சிவப்புத் துணிச் சீட்டு, கதவைத் திறக்க ஒரு கயிறு. போர்ஷே எழுபதுகளில் பாஷா என்று ஒரு துணி போட்டது. ரேஸ் முடிவில் ஆட்டும் கட்டம்போட்ட கொடி காற்றில் நெளிகிற மாதிரி, பெரிசும் சிறிசுமாகக் கட்டங்கள். எங்கள் கடைக்கு வந்த ஒரு பழைய 928-ல் அதைத் தொட்டுப் பார்த்தேன். பழைய சோபா மாதிரி வழுவழுவென்ற வெல்வெட்டு. பார்த்ததும் கண்ணைச் சுற்றியது. பத்து நிமிஷத்தில் கையை எடுக்க மனசு வரவில்லை. அண்ணன் "பாய்க்கடை மாதிரி இருக்குடா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். 2025-ல் போர்ஷே அதே பாஷாவை 911 ஸ்பிரிட் 70 காரில் திரும்பக் கொண்டுவந்தபோது படத்தை அவருக்குத்தான் முதலில் அனுப்பினேன்.

488 ஓனரிடம் ஒரு நாள் தவணை கேட்டேன். சீட்டைச் சுத்தம் பண்ணி, கண்டிஷனர் போட்டு, சாயங்கால வெளிச்சத்தில் காட்டினேன். நன்றாகப் பார்த்தார், கையால் தடவினார். "அழகுதான். ஆனா கருப்பாக்கிடு" என்றார்.

பழைய மேல்பூச்சை எடுத்து, மெல்லிசாக ஐந்து தடவை கருப்பு அடித்தேன். வேலையில் குறை வைக்கவில்லை. சீட்டைக் கழற்றி, தோலைச் சட்டத்தில் இழுத்துக் கொக்கி மாட்டும் அடிமடிப்பைத் திருப்பினால் இரண்டு விரல் அகலத்துக்குக் குவோயோ அப்படியே இருக்கும். அங்கே யாரும் பெயின்ட் அடிப்பதில்லை.